பூஞ்சைக்குத் தைத்த சட்டை புழுவுக்குப் பொருந்துமா: ஒரு செல்லுலேஸ் அளவீட்டுத் தொகுப்பின் மதிப்புரை

செல்லுலோஸைச் செரிக்கும் செல்லுலேஸ் நொதிகளை அளப்பதற்குத் தேவையானவற்றை ஒரே பெட்டியில் அடைத்து விற்கும் ஆய்வகத் தொகுப்பு ஒன்றைக் கடந்த ஓராண்டாக மரம் துளைக்கும் வண்டுப் புழுக்களின் குடற்சாற்றில் பயன்படுத்தி வருகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் எழுதவிருக்கும் குறைகளில் பல அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல. பூஞ்சை நொதிகளை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டு, பூச்சி ஆய்வாளர்களுக்கும் சேர்த்து விற்கப்படும் இந்த வகைத் தொகுப்புகளுக்குப் பொதுவானவை. பெட்டியின் மூடியில் ‘மொத்தச் செல்லுலேஸ் செயல்திறன்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்தச் சொற்களை நம்பி நான் இழந்த மூன்று வாரங்கள்தாம் இந்த மதிப்புரையை எழுத வைத்தன.

பெட்டிக்குள் இருப்பவை இவை: நீரில் கரையும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், அதாவது ஆய்வகங்களில் சுருக்கமாக சி.எம்.சி. எனப்படும் தூள், நீரில் கரையாத நுண்படிகச் செல்லுலோஸ் தூள், பாரா-நைட்ரோஃபீனைல் பீட்டா-குளுக்கோசைடு, பி.எச். 4.8 அளவில் தயாரித்த, அந்தப் புளிப்பளவை மாறாமல் வைத்திருக்கும் சிட்ரேட் தாங்கல் கரைசல். பழுப்புக் கண்ணாடிப் புட்டியில், சர்க்கரையோடு சேர்ந்து நிறம் மாறும் டைநைட்ரோசாலிசிலிக் அமிலக் கரைசல், சுருக்கமாக டி.என்.எஸ். கரைசல், ஒப்பிடுவதற்காக அளவு தெரிந்த குளுக்கோஸ் கொண்ட நியமக் கரைசல், வினையை நிறுத்துவதற்கான சோடியம் கார்பனேட், பன்னிரண்டு பக்கக் கையேடு. பொருள்களின் தரத்தில் எனக்குக் குறை ஏதுமில்லை. சி.எம்.சி. கட்டி தட்டாமல் கரைகிறது, நியமக் கரைசலின் அளவு ஒவ்வொரு முறையும் ஒத்துப்போகிறது, தாங்கல் கரைசலின் பி.எச். சரியாகவே இருக்கிறது. ஒருமுறை மட்டும் டி.என்.எஸ். புட்டியின் அடியில் ஊசி ஊசியாகப் படிகங்கள் இறங்கியிருந்தன. குளிரில் வைத்து அனுப்பினால் அதிலுள்ள ரோஷெல் உப்பு அப்படிப் பிரிந்து படிவது இயல்பு. வெதுவெதுப்பான நீரில் புட்டியை வைத்துக் குலுக்கியதும் கரைந்துவிட்டது. புதிதாக வேலைக்கு வந்த மாணவர் அதைக் கண்டால் கெட்டுப்போய்விட்டது என்று கருதிக் கொட்டிவிடக்கூடும் என்பதால், கையேட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

மூன்று தளப்பொருள்கள், அதாவது நொதி அறுப்பதற்காக இடும் பொருள்கள், எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு செல்லுலோஸ். 20 முதல் 30 விழுக்காடு ஹெமிசெல்லுலோஸ். எஞ்சியதில் பெரும்பகுதி லிக்னின். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் பீட்டா-1,4 பிணைப்பால் கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலி. அந்தச் சங்கிலியை நடுநடுவே வெட்டுவது எண்டோகுளுக்கனேஸ். அறுந்த முனைகளிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸாக உரித்தெடுப்பது செல்லோபயோஹைட்ரோலேஸ். அந்த இரட்டைச் சர்க்கரையான செல்லோபயோஸைத் தனிக் குளுக்கோஸாகப் பிளப்பது பீட்டா-குளுக்கோசிடேஸ். சி.எம்.சி. முதலாவதற்கும், நுண்படிகத் தூள் இரண்டாவதற்கும், நைட்ரோஃபீனைல் சேர்மம் மூன்றாவதற்கும் என்று தொகுப்பில் பங்கிட்டிருக்கிறார்கள். காகிதத்தில் இது ஒழுங்காகத்தான் தோன்றுகிறது.

இனி புழு. நான் முதன்மையாக எடுத்துக்கொண்டது நீள்கொம்பு வண்டுகளின் புழு: விரல் நீளம், வெண்மஞ்சள் நிறம், கால் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத, தலைப்பக்கம் பருத்த உருவம். பனிக்கட்டியின் மேல் கால் மணி நேரம் கிடத்தினால் அசைவு அடங்கிவிடும். முதுகுப்புறமாகப் பின்முனையிலிருந்து நுண்கத்தரியால் கீறிக்கொண்டே வந்தால், பால்வெண்ணிறக் கொழுப்புத் திசுவுக்குள் புதைந்தாற்போல் குடல் தெரியும். உள்ளே இருக்கும் மரத்தூளின் செம்பழுப்பு நிறம் குடற்சுவரின் வழியே தெரிவதால் அதைக் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. சிரமம் அடுத்த சில நிமிடங்களில்தான். கீறலில் கசியும் உடல்திரவம் காற்றுப் பட்டதும் சாம்பல் நிறமாகிப் பிறகு கறுத்துவிடுகிறது. இது ஃபீனால்ஆக்சிடேஸ் என்னும் நொதியின் வேலை. ஃபீனைல்தயோயூரியாவைச் சிறிதளவு சேர்த்த குளிர்ந்த கரைசலில் குடலை அலசினால் இதைத் தடுக்கலாம். கறுத்த சாற்றை அப்படியே ஒளிமானியில் வைத்தால் நொதி எதுவும் வேலை செய்யாமலேயே ஒளி உட்கவர்தல் எகிறும். பூஞ்சை வளர்த்த திரவத்தில் இந்தத் தொல்லை இந்த அளவுக்குக் கிடையாது என்பதாலோ என்னவோ, கையேட்டில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மாதிரியைத் தயாரிக்கும் பகுதி மொத்தமே நான்கு வரிதான். அதில் ஒரு வரி ‘மாதிரியை மையவிலக்கியில் சுழற்றித் தெளிந்த நீரை எடுக்கவும்’ என்பது.

தொகுப்பின் இதயம் டி.என்.எஸ். சோதனை. நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரையை அளக்க 1920களில் ஜேம்ஸ் சம்னர் முன்வைத்த வினைபொருள் இது; பின்னர் யூரியேஸ் என்னும் நொதியைப் படிகமாக்கி நோபல் பரிசு பெற்ற அதே சம்னர். 1959-ல் மில்லர் வெளியிட்ட திருத்தம்தான் இன்று பெரும்பாலான ஆய்வகங்களில் புழங்குகிறது. வெட்டுப்பட்ட ஒவ்வொரு சங்கிலியிலும் புதிதாக ஓர் ஒடுக்கும் முனை தோன்றுகிறது; கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்தால் அந்த முனை மஞ்சள் நிற டி.என்.எஸ்.-ஐச் செங்கல் பழுப்பாக மாற்றுகிறது. அந்த நிறத்தை 540 நானோமீட்டரில் அளக்கிறோம். எளிமையானது, உறுதியானது. ஆனால், எங்கிருந்து வந்த சர்க்கரையாக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

என் முதல் தவறு இங்கேதான் நடந்தது. கையேட்டின் வரிசைப்படி தளப்பொருளும் தாங்கலும் மட்டும் உள்ள வெற்றுக் குழாய் ஒன்றை வைத்து, சாறு சேர்த்த குழாய்களின் அளவிலிருந்து அதைக் கழித்தேன். வந்த எண்ணைப் பார்த்து மலைத்துப்போனேன். அந்தப் புழுவின் குடல், நொதி வடிக்கும் தொழிற்சாலைபோல் தோன்றியது. மறுநாள் ஏதோ ஐயத்தில், சாற்றைச் சேர்த்த கணமே டி.என்.எஸ்.-ஐ ஊற்றி வினையை நிறுத்திப் பார்த்தேன். குழாய் அப்போதும் பழுப்பாகவே மாறியது. உயிருள்ள புழு தின்றுகொண்டிருந்ததைச் செரித்துக்கொண்டிருந்த நிலையில் அறுக்கப்பட்டது; அதன் குடலில் ஏற்கெனவே குளுக்கோஸ் இருக்கத்தான் செய்யும். முந்தைய நாள் நான் அளந்தது பெரும்பாலும் அந்தச் சர்க்கரையைத்தான். சுழி நேர ஒப்பீட்டுக் குழாய், கொதிக்கவைத்துச் செயலிழக்கச் செய்த சாற்றுக் குழாய் ஆகிய இரண்டும் குடற்சாற்றுக்குக் கட்டாயம். கையேட்டில் இவை பதினோராம் பக்கத்தில், சிறிய எழுத்தில், ‘தேவைப்பட்டால்’ என்ற அடைமொழியோடு கிடக்கின்றன. இன்னும் நல்ல வழி, உப்பு நீக்கும் சிறு ஜெல் குழலின் வழியே சாற்றைச் செலுத்திச் சிறிய மூலக்கூறுகளை முதலிலேயே கழித்துவிடுவது. அந்தக் குழல் தொகுப்பில் இல்லை, தனியே வாங்கினேன்.

அடுத்தது இன்னும் நுட்பமான குறை. டி.என்.எஸ். குறைந்த சர்க்கரை அளவில் நேர்விகிதத்தில் நிறம் காட்டாது; தொடக்கத்தில் ஒரு தயக்கம் இருக்கும், அதைக் கடந்த பிறகே கோடு நேராக எழும். கையேட்டோடு வரும் கணக்குத் தாள், நியமக் கோட்டை வலுக்கட்டாயமாகச் சுழிப் புள்ளியின் வழியே இழுக்கிறது. தொழிற்சாலைப் பூஞ்சையின் நொதி நிறையச் சர்க்கரையை விடுவிப்பதால் அவர்களுக்கு இந்த அடிப்பகுதி ஒரு பொருட்டே அல்ல. ஒரு புழுவின் குடலிலிருந்து கிடைக்கும் அரை மில்லிலிட்டர் சாறோ பெரும்பாலும் அந்த அடிப்பகுதியிலேயே உழலும். ஒவ்வொரு குழாயிலும் தெரிந்த அளவு குளுக்கோஸைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டு, பிறகு அதைக் கழித்துக் கணக்கிடுவது பழைய ஆய்வகத் தந்திரம். அப்படிச் செய்ததும் மூன்று குழாய்களின் அளவுகளும் ஒன்றோடொன்று இணங்கின. அதற்கு முன் அவை மூன்று வேறு புழுக்களின் அளவுகள் போலத்தான் இருந்தன.

தாங்கல் கரைசலின் பி.எச். 4.8, வெப்பநிலை 50 டிகிரி செல்சியஸ் என்பவை டிரைக்கோடெர்மா ரீசி என்னும் பூஞ்சையின் நொதிகளுக்காக வகுக்கப்பட்ட நிலைகள். நீள்கொம்பு வண்டுப் புழுவின் நடுக்குடல் அவ்வளவு புளிப்பானது அல்ல. புழுவும் 50 டிகிரியில் வாழ்வதில்லை. நான் பி.எச். 5.5 அளவில் வேறு தாங்கல் தயாரித்து, 30 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தபோது, நேரத்துக்கு ஏற்பச் சர்க்கரை சீராகக் கூடிக்கொண்டே போனது. 50 டிகிரியிலோ முதல் சில நிமிடங்களில் வேகமாக ஏறிய கோடு பிறகு படுத்துவிட்டது. கையேடு சொல்வதுபோல் அரை மணி நேரத்தில் ஒரே ஒரு அளவு எடுத்து அதை முப்பதால் வகுத்தால் வரும் எண், எந்த வெப்பநிலையின் உண்மையையும் சொல்லாது. குறைந்தது மூன்று நேரங்களில் அளவெடுக்க வேண்டும். இதனால் பெட்டி விரைவிலேயே தீர்ந்துபோகும். வாங்குகிறவர்கள் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

‘மொத்தம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். செல்லுலேஸின் மொத்தச் செயல்திறன் என்று சொல்வதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை ஒன்று உண்டு. 1987-ல் கோஸ் வெளியிட்ட ஐயுபேக் (பன்னாட்டு வேதியியல் ஒன்றியம்) முறையில், 1 சென்டிமீட்டர் அகலமும் 6 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட, ஏறத்தாழ 50 மில்லிகிராம் எடையுள்ள வடிதாள் துண்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் 2 மில்லிகிராம் குளுக்கோஸை விடுவிக்கத் தேவையான நொதியைக் கணக்கிடுவார்கள். இந்தத் தொகுப்பில் வடிதாள் இல்லை. இருந்திருந்தாலும் என் புழுக்களின் சாறு அந்த 2 மில்லிகிராமை எட்டியிருக்காது. மூடியில் மொத்தம் என்று எழுதியிருப்பது உண்மையில் சி.எம்.சி. அளவைத்தான்; அது முதன்மையாக எண்டோகுளுக்கனேஸின் அளவு. அதுவும் கலப்படமற்றது அல்ல. தூய்மைப்படுத்தாத குடற்சாற்றில் பீட்டா-குளுக்கோசிடேஸும் கூடவே இருக்கிறது. எண்டோகுளுக்கனேஸ் வெட்டிப்போட்ட சிறு துண்டுகளை அது மேலும் பிளக்கும்போது ஒவ்வொரு பிளவிலும் இன்னோர் ஒடுக்கும் முனை பிறக்கிறது. ஆகவே, இரண்டு புழுக்களில் எண்டோகுளுக்கனேஸ் ஒரே அளவாக இருந்தாலும், பீட்டா-குளுக்கோசிடேஸ் மிகுதியாக உள்ள புழு கூடுதலாகச் ‘செல்லுலேஸ்’ உடையதாகத் தோன்றும். இதைத் தவிர்ப்பதற்குச் சாயம் பிணைத்த சி.எம்.சி. உண்டு, சங்கிலி நடுவில் வெட்டுப்படும்போது மட்டுமே சாயத் துண்டுகள் கரைசலுக்குள் வரும். அதைவிடவும் எளியது காங்கோ சிவப்புத் தட்டு: சி.எம்.சி. கலந்த அகர் தட்டில் குழி தோண்டிச் சாற்றை விட்டு, சில மணி நேரம் கழித்துக் காங்கோ சிவப்பை ஊற்றி, உப்பு நீரால் கழுவினால், செல்லுலோஸ் அறுபட்ட இடம் மட்டும் சிவப்புத் தட்டில் மஞ்சள் நிலாவாகத் தெரியும். அளவு துல்லியமாக இராது. ஆனால் பொய் சொல்லாது. என் மாணவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.

நைட்ரோஃபீனைல் சோதனைதான் இந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நொதி பிணைப்பை அறுத்ததும் நைட்ரோஃபீனால் விடுபடுகிறது. சோடியம் கார்பனேட்டை ஊற்றியதும் மஞ்சள் நிறம் பளிச்சென்று எழுகிறது. 405 நானோமீட்டரில் அளந்தால் முடிந்தது. கொதிக்கவைக்க வேண்டியதில்லை, குடலில் ஏற்கெனவே இருந்த சர்க்கரை குறுக்கிடுவதில்லை, மிகச் சிறிதளவு சாறே போதும். ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. தாவரங்கள் தற்காப்புக்காகச் சர்க்கரையோடு பிணைத்து வைத்திருக்கும் ஃபீனால் சேர்மங்களைப் பிளக்கும் நொதிகளும் இதே தளப்பொருளை அறுக்கும். ஆகவே இங்கே கிடைக்கும் எண் முழுவதையும் செல்லுலோஸ் செரிமானத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

நுண்படிகத் தூள் சோதனையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: ஒரு மணி நேரத்தில் என் சாறுகளில் பின்னணி அளவுக்கு மேல் எதுவும் தெரியவில்லை. முதலில் தூளின் மேல் ஐயப்பட்டேன். பூஞ்சை நொதியைச் சேர்த்துப் பார்த்தபோது தூள் நன்றாகவே செரித்தது. இது தொகுப்பின் குறை அல்ல. ஹெமிசெல்லுலோஸைச் செரிக்கும் சைலனேஸுக்கும், பெக்டினைச் செரிக்கும் நொதிகளுக்கும் தொகுப்பில் இடமே இல்லை என்பதுதான் குறை. சைலனைத் தனியே வாங்கி அதே டி.என்.எஸ். கரைசலைக் கொண்டு அளந்துகொள்ளலாம்.

இவ்வளவு திருத்தங்களுக்கும் பிறகு கையில் நம்பத்தக்க ஓர் எண் கிடைக்கிறது. அந்த நொதி யாருடையது? விளம்பரத் தாளில் ‘பூச்சியின் சொந்த நொதிகளை அளக்க’ என்ற வரியைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. இந்தக் கேள்வியின் மேல் அரை நூற்றாண்டு வழக்கு நடந்திருக்கிறது. 1983-ல் குகோர், மார்ட்டின் இருவரும் மரக்குளவிப் புழு ஒன்று தன் குடலிலுள்ள செல்லுலேஸைத் தான் தின்னும் பூஞ்சையிடமிருந்தே பெறுகிறது என்று காட்டினார்கள். 1986-ல் மோனோகாமஸ் பேரினத்து நீள்கொம்பு வண்டுப் புழுவிலும் அதுபோன்றதொரு நிலையை அறிவித்தார்கள். பூச்சிகளுக்குச் சொந்தமாகச் செல்லுலேஸ் மரபணு இராது என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது. 1998-ல் கறையான் ஒன்றின் சொந்த மரபணுவே செல்லுலேஸை உருவாக்குவதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். 2003-ல் சகோதியா ஹிலாரிஸ் என்னும் நீள்கொம்பு வண்டிலிருந்தும், அடுத்த ஆண்டுகளில் முசுக்கொட்டை மரத்தைத் துளைக்கும் அப்ரியோனா ஜெர்மாரியிலிருந்தும் செல்லுலேஸ் மரபணுக்கள் பிரித்தெடுக்கப்பட்டன. இன்று வண்டுகளில் காணப்படும், நொதி வகைப்பாட்டில் 45ஆம் குடும்பத்தைச் சேர்ந்த செல்லுலேஸ் மரபணு, வெகு காலத்துக்கு முன் பூஞ்சையிடமிருந்து தாவி வந்து வண்டின் மரபணுத் தொகுதியிலேயே குடியேறிவிட்டது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அதோடு குடலில் வாழும் பாக்டீரியாவும் ஈஸ்டும் தம் பங்குக்கு நொதி சுரக்கின்றன. பழுப்பேறிய ஒரு குழாயைப் பார்த்து இவற்றைப் பிரித்துச் சொல்ல எந்த டி.என்.எஸ். புட்டியாலும் முடியாது. புழுவைப் பூஞ்சையற்ற செயற்கை உணவில் வளர்த்துப் பார்க்கலாம். குடற்சுவரையும் குடல் உள்ளடக்கத்தையும் தனித்தனியே அளக்கலாம். ஜெல்லில் புரதங்களைப் பிரித்து, செயல்படும் பட்டையை அடையாளம் காணலாம். மரபணு வெளிப்பாட்டைத் தேடலாம். இவை அனைத்தும் பெட்டிக்கு வெளியே உள்ள வேலைகள்.

ஒப்பீட்டுக்காக லிக்டஸ் வண்டுகளின் புழுக்களையும் சோதித்தேன். மரச்சாமான்களை மாவாக்கும் இந்தச் சிறு வண்டுகள் மரத்திலுள்ள மாச்சத்தையும் சர்க்கரையையும் நம்பி வாழ்பவை. செல்லுலோஸ் பெரும்பாலும் அப்படியே மாவுபோன்ற எச்சமாக வெளியேறுகிறது. ஒரு புழு அரிசி மணியளவுகூட இல்லாததால் நாற்பது குடல்களை ஒன்றுசேர்க்க வேண்டியிருந்தது. அந்தப் பிற்பகல் முழுவதும் நுண்ணோக்கியின் மேல் குனிந்தே கழிந்தது. சி.எம்.சி. குழாய் ஏறத்தாழ மஞ்சளாகவே நின்றது, சி.எம்.சி.-க்குப் பதில் மாச்சத்தை இட்ட குழாய் நன்றாகப் பழுப்பேறியது. மரத்துக்குள் வாழ்வதும் மரத்தைச் செரிப்பதும் ஒன்றல்ல என்பதை இவ்வளவு தெளிவாக இரண்டு குழாய்களில் காட்ட முடிந்ததற்காக இந்தத் தொகுப்புக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஒரே நாளில், ஒரே முறையில், இரு வகைப் புழுக்களை அருகருகே வைத்து ஒப்பிடும்போது இது நம்பகமான கருவி.

சேவையைப் பற்றியும் ஒரு சொல். சுழி நேர ஒப்பீட்டைக் கையேட்டின் முன்பக்கத்துக்குக் கொண்டுவருமாறு எழுதினேன். பத்து நாள் கழித்து வந்த பதிலில், இந்தத் தொகுப்பு ‘நுண்ணுயிர் வளர்ப்புத் திரவங்களுக்கே உகந்தது’ என்று பணிவாகக் குறிப்பிட்டிருந்தார்கள். அப்படியானால் விளம்பரத் தாளில் ஒரு வண்டின் படம் எதற்கு என்று மறுபடியும் கேட்டேன். அதற்கு இன்னும் பதில் இல்லை. டி.என்.எஸ். கரைசலில் வலிய காரமும், சில தயாரிப்புகளில் ஃபீனாலும் இருப்பதால், பயன்படுத்திய கழிவைத் தொட்டியில் ஊற்றிவிட முடியாது. அதற்கான வழிமுறையும் கையேட்டில் இல்லை.

வேதிப்பொருள்களை எடையிட்டுத் தயாரிக்கும் வசதி இல்லாத கல்லூரி ஆய்வகம் இதை வாங்கலாம். ஆனால் கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு, மேலே சொன்ன ஒப்பீட்டுக் குழாய்களோடு தொடங்க வேண்டும். தராசும் பி.எச். மானியும் உள்ளவர்களுக்கு முழுப் பெட்டி தேவையில்லை. டி.என்.எஸ்.-ஐ ஒரு மணி நேரத்தில் தாமே கலந்துகொள்ளலாம். அடுத்த முறை நான் நைட்ரோஃபீனைல் சேர்மத்தையும் சாயம் பிணைத்த சி.எம்.சி.-யையும் மட்டும் தனித்தனியே வாங்கப் போகிறேன். உப்பு நீக்கும் குழல்கள் ஏற்கெனவே குளிர்பெட்டியில் இருக்கின்றன.